மூன்றாவது கையெழுத்து

பிப்ரவரி 9

மெக்கானிக் சாருக்கு,

போனை வைத்துவிட்டீர்கள். நான் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற டாக்டரம்மா, "பேசி முடிச்சாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றேன். பாதிப் பேச்சுதான் ஆகியிருந்தது. மீதியை இதில் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது பாருங்கள்.

முதல் வினாத்தாளில் நாங்கள் சோதிக்கிற எந்திரம் தேறிவிட்டது. அது தேறியதும் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் கிளம்பினேன், மறுக்கவில்லை. ஆனால் தேறிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது, தாள் சுலபமாகப் போய்விட்டது என்று. இரண்டாவது தாள்தான் உண்மையான தாள் என்கிறார் கம்பெனித் தலைவர். மனிதருடைய அறிவு எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் இதுவும் போகிறதா என்று பார்க்கும் தாள். அதில் தேறினால் கணக்கு வாத்தியார், டாக்டரம்மா, நான் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றும் விழுந்தால், மனிதனுக்குச் சமமான அறிவு வந்துவிட்டது என்று உலகத்துக்கு அறிவிப்பார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எங்கேயும் பக்கத்தில் ஆள் இல்லாமல் அதைத் தனியே விட்டுவிடலாம்.

எங்களை ஏன் பூட்டி வைக்கிறார்கள் என்று கத்தினீர்கள். பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்கிறவர்களைப் பூட்டி வைப்பது புதிதா? பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் என்னைப் பூட்டியிருக்கிறார்கள், நீங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று கையசைத்துவிட்டுப் போனீர்கள். இங்கே காவல் இன்னும் கடுமை. உலகத்தில் யார் கம்ப்யூட்டரில் எதை எழுதினாலும் எந்திரம் அதைப் படித்துவிடும். போனில் பேசினாலும் எங்காவது பதிவாகும். ஒரு கேள்வி வெளியே போய்விட்டால், அது தேறியதற்கு அர்த்தமே இல்லை. அதனால் பேனா, காகிதம், நாலு சுவர். கடிதம் எழுத மட்டும் அனுமதி உண்டு. யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, எங்கள் வாக்கை நம்பி விட்டிருக்கிறார்கள்.

ஒரு தாள் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை ஒரு வாரம் கதவு திறந்திருக்கும். அந்த வாரத்தில்தான் போன் செய்தேன். அந்த வாரத்தில் வீட்டுக்கே வந்திருக்கலாம். வரவில்லை. அதுதானே கோபம்?

நீங்கள் நம்பவில்லை என்பதற்காக அது நடக்காமல் போகாது. பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் நான். நாம் உயிரோடு இருக்கும்போதே இது வருகிறது. வருகிற அன்றைக்கு அறைக்குள் இருக்க ஆசைப்படுகிறேன். அன்றைக்கு மறுநாள் உங்களோடு இருக்க ஆசைப்படுகிறேன். இரண்டும் ஆசைதான்.

வாலுவுக்கு ஒரு முத்தம்.

உங்கள்
டீச்சர்


மார்ச் 1

டீச்சருக்கு,

கடிதம் கடைக்கு வந்தது. தபால்காரர் வந்த நேரம் ஒரு பெரிய ஃப்ரிட்ஜைச் சாய்த்துப் போட்டு கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் எண்ணெய். உன் கடிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் என் விரல் பதிந்திருக்கிறது. படிக்கவில்லை என்று நாளைக்கு நீ சொல்லிவிட முடியாது.

போனை வைத்தது தப்பு. அதோடு சரி. மற்றபடி நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்வதாக இல்லை.

"இந்த மாடல்ல ரிப்பேரே வராது சார்" என்று சொல்லாத ஃப்ரிட்ஜ் கம்பெனி ஒன்று காட்டு. வராது என்றால் நான் எப்படிப் பிழைக்கிறேன்? உன் தலைவரும் கம்பெனிக்காரர்தானே. நீ கிளம்பும்போது என்ன சொன்னார்? "வந்துடுச்சு, வாசல்ல நிக்குது." இப்போது என்ன சொல்கிறார்? "வாசல்ல நிக்குது, பெல் அடிக்க வேண்டியதுதான் பாக்கி." ஒரு வருஷமாக வாசலிலேயே நிற்கிற விருந்தாளியை நான் பார்த்ததில்லை டீச்சர். நீ படித்தவள், நான் பழுது பார்க்கிறவன், எனக்கு உன் அளவுக்குத் தெரியாது. ஆனால் முழுசாகிவிட்டது என்று எவன் சொன்னாலும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிற புத்தி எனக்கு.

வாலுவுக்கு முன்பல் இரண்டும் போய்விட்டன. பேசினால் விசில் வருகிறது. என் அக்கா தினமும் காலையில் வந்து தலை வாரிவிடுகிறாள். "அம்மா பின்ற மாதிரி இல்ல" என்று இவள் அவிழ்த்துவிடுகிறாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் பின்னுகிறாள். அழ வைக்காமல் சிக்கெடுக்கத் தெரியுமா என்று உன் எந்திரத்திடம் கேள். தெரிந்தால் நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

உன் தலையணையை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். நான் கேட்டுப் பார்த்தேன். தரமாட்டேன் என்கிறாள்.

மெக்கானிக்


மார்ச் 24

மெக்கானிக் சாருக்கு,

தலையணை விஷயத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன்.

என் அறையைப் பற்றிக் கேட்கவே இல்லையே. நீளமான, ஒடுங்கிய அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் தெரியும். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு கொடி. துவைத்ததை மடிக்கும்போது உங்கள் சட்டையும் கூட இருக்கும் என்று கை பாட்டுக்குத் தேடுகிறது. சட்டை இல்லையென்றதும் கைக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

வேலை இதுதான். நாங்கள் ஒரு கேள்வி எழுதுவோம். முதலில் அதை இங்கே இருக்கிற மனிதர்களிடம் கேட்போம்: தோட்டக்காரர், சமையல்கட்டுப் பெண்கள், வாசலில் இருப்பவர். அவர்களுக்கு வந்து, எந்திரத்துக்கு வராவிட்டால் அது நல்ல கேள்வி. தாளில் சேர்த்துக்கொள்வோம். அப்படி நூறு சேர வேண்டும். வாரக் கடைசியில் ஒத்திகை. கேள்விகளைத் தனிப் பெட்டியில் ஏற்றி அதன் முன்னால் வைப்பார்கள், பதில்களை அச்சடித்துக் கொண்டுவந்து தருவார்கள், பெட்டியை உடனே அழித்துவிடுவார்கள். எந்திரத்துக்கு நினைவில் எதுவும் மிஞ்சாது.

போன வாரம் அது எழுதிய ஒரு பதிலைப் படித்துவிட்டுக் கணக்கு வாத்தியார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "நான் முப்பது வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு இது தோணலை" என்றார். இதை எழுதும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நீங்கள் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பக்கம் நிற்கிறவள் பார்ப்பதையும் கொஞ்சம் நம்புங்கள்.

சீக்கிரம் முடிந்துவிடும். நான் சும்மா சொல்லவில்லை.

டீச்சர்


ஏப்ரல் 17

டீச்சருக்கு,

ஒன்று கேட்கிறேன், கிண்டல் செய்யக் கூடாது. ஒத்திகையில் இப்போது நூற்றுக்கு எத்தனை வாங்குகிறது?

கடையில் பேப்பர் வந்ததும் விளையாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன், உனக்குத் தெரியும். இப்போது உன் எந்திரத்தைப் பற்றி ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். நல்லதாக எழுதியிருந்தால் அன்றைக்குக் கம்ப்ரஸர்கூட லேசாக இருக்கிறது. எவனாவது நிபுணன், "இதெல்லாம் நடக்க இன்னும் ஐம்பது வருஷம்" என்று எழுதியிருந்தால் அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. நேற்று ஒரு வாடிக்கையாளர் அந்த ஐம்பது வருஷக் கதையைக் கடையில் வந்து பேசினார். "உங்களுக்கு என்ன சார் தெரியும், எங்க வீட்டம்மா அங்கதான் இருக்காங்க" என்று நான் சண்டைக்குப் போய்விட்டேன். அவர் மார்ச் மாதத்தில் என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் யோசித்துப் பார்த்தேன். அது தேறாமல் உனக்குக் கதவு திறக்காது. அப்படியானால் அது தேறுவதுதான் எனக்கு வேண்டும். பரீட்சை நடக்கிற இடத்துக்கு வெளியே நிற்கிற அப்பன் மாதிரி நிற்கிறேன். என் பிள்ளைக்காகக்கூட இப்படி நின்றதில்லை.

மாலையில் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அதனால் கம்ப்யூட்டரில் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். ஃப்ரிட்ஜ் பழுது பற்றி ஊரெல்லாம் கேட்கிற கேள்விக்குப் பதில் எழுதுகிற ஓர் இடம். கதவு ரப்பர் தேய்ந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, பின்னால் ஏன் ஐஸ் கட்டுகிறது, அந்த மாதிரி. படிக்கிறார்கள். ஒருத்தர் என்னை "ஐயா" என்று எழுதியிருக்கிறார்.

மெக்கானிக்


மே 12

அன்புள்ளவருக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தரம் ஆரம்பித்துக் கிழித்தேன். உங்களிடம்தான் சொல்ல வேண்டும், உங்களிடம் சொல்லவும் வாய் வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று குதிப்பீர்களோ என்று ஒரு பயம். போன கடிதத்தைப் படித்த பிறகு, குதிக்க மாட்டீர்களோ என்று வேறொரு பயம்.

அது வராது என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலும் மேலும் படிக்கக் கொடுத்ததில், முன்பு வராத தொண்ணூற்று ஒன்பது கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறது. நூறாவது கேள்வியில் ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒரே மாதிரி விழுகிறது. விதியை மீறி உங்களுக்குச் சொல்கிறேன். உங்களிடம் சொன்னால் என்ன, நீங்கள் எந்திரமா? கேள்வி நம் வீட்டில் பிறந்தது. நான் கிளம்புவதற்கு முந்தின நாள் கூடத்துக் கடிகாரத்தைக் காணோம் என்று தேடினோமே, கடைசியில் ஃப்ரிட்ஜுக்குள் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்ததே, அதுதான். கேள்வி இவ்வளவே: "ஒரு வீட்டில் கடிகாரம் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறது. ஏன்?"

இதற்கு நேராகப் பதில் சொல்ல யாராலும் முடியாது. அதுதான் இந்தக் கேள்வியின் வேலையே. தோட்டக்காரரிடம் கேட்டேன். "வீட்ல சின்னப் பிள்ளை இருக்காம்மா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். சமையல்கட்டுப் பெண்ணும் அதையே கேட்டாள். வாசலில் இருப்பவர், "முந்தின நாள் என்ன நடந்துச்சு?" என்றார். மனிதர்களுக்குத் தெரியாவிட்டால் கேட்கிறார்கள். எந்திரம் கேட்பதில்லை. மின்கலம் நீடிக்க, டிக்டிக் சத்தம் கேட்காமல் இருக்க, மறதியாக, திருடனிடமிருந்து மறைக்க என்று அழகாகப் பன்னிரண்டு காரணம் எழுதித் தருகிறது. தனக்குத் தெரியவில்லை என்பதே அதற்குத் தெரியவில்லை. அந்த உணர்வை எந்திரத்துக்குள் வைக்க யாருக்கும் வழி தெரியவில்லை. இவர்கள் செய்வதெல்லாம் அதற்கு இன்னும் நிறையப் படிக்கக் கொடுப்பதுதான். நிறையப் படித்தால் பன்னிரண்டு காரணம் இருபதாகும்.

தலைவர், "நூத்துல ஒண்ணுதானேம்மா, எடுத்துடலாமே" என்கிறார். எடுத்தால் நான் அடுத்த மாதமே வீட்டில் இருப்பேன். முடியாது என்றுவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வாலு அன்றைக்குக் கடிகாரத்தை ஏன் அங்கே வைத்தாள் என்று அவள் சொல்லக் கேட்டு நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோமே. அந்த நிமிஷம் எனக்கு வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

டீச்சர்


மே 30

டீச்சருக்கு,

அப்படிச் சொல்லாதே.

நான் நம்பாதபோது நீ நம்பு நம்பு என்றாய். இப்போது நான் நம்பினால் நீ வராது என்கிறாய். என்ன விளையாட்டு இது? நீயே சொன்னாய், பக்கத்திலிருந்து பார்க்கிறவள் என்று. நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பது வாங்குகிற பிள்ளையை ஃபெயிலாக்குகிற டீச்சரை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறாயா? நம் வாலு கணக்கில் எழுபது வாங்கினால் நான் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன்.

ஒரே ஒரு கேள்விதான் உன்னையும் என்னையும் பிரிக்கிறது என்றால், அதுவும் நம் வீட்டுக் கேள்வி என்றால், என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சும்மா இருக்கிறேன் என்று நினைக்காதே.

பிள்ளை தூங்கும்போது விரலை மடக்கி உன் தலையணை ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறாள். பார்க்க முடியவில்லை. நான் கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

மெக்கானிக்


ஜூன் 21

நீளமாக எழுதத் தெம்பில்லை. ஒத்திகைகளை நிறுத்திவிட்டார்கள். ஆகஸ்டில் இறுதித் தேர்வு. அதற்கு முன்னால் எந்திரம் வழக்கம்போல உலகத்தில் எழுதியதையெல்லாம் மறுபடியும் ஒரு சுற்று படித்துவிட்டு வரும். கேள்வியை எடுக்கவில்லை. கணக்கு வாத்தியார் என்னோடு பேசுவதில்லை. அவருக்கும் வீடு இருக்கிறது.

உங்கள் சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்காமல் அனுப்புங்கள்.


ஜூலை 20

டீச்சருக்கு,

சட்டை வந்து சேர்ந்ததா? கம்ப்ரஸர் எண்ணெய் வாசனைதான் அடிக்கும். நீ கேட்டாய், அனுப்பினேன்.

நான் எழுதுகிற இடத்தில் கூட்டம் கூடிவிட்டது. கடையை மூடியதும் உட்கார்ந்துவிடுகிறேன். பழுதைப் பற்றி எழுதினால் பத்துப் பேர், கதையாக எழுதினால் ஆயிரம் பேர். ஃப்ரிட்ஜைப் பற்றி இவ்வளவு கதை இருக்கிறது என்று எனக்கே தெரியாது. யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போடுகிறார்கள், வேறு பாஷையில் மாற்றிப் போடுகிறார்கள். பரவட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேர்வு நல்லபடியாக முடியும். மனசு சொல்கிறது.

மெக்கானிக்


ஆகஸ்ட் 29

என் மெக்கானிக் சாருக்கு,

கேட்டது! கேட்டுவிட்டது!

இன்று காலை இறுதித் தேர்வு. நூறாவது பதிலை அச்சடித்துக் கொண்டுவந்தபோது நான் அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். டாக்டரம்மாதான் உரக்கப் படித்தார். முதல் வரி: "இந்த வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா? வீட்டிலிருந்து யாராவது ஊருக்குக் கிளம்புகிறார்களா?" பன்னிரண்டு காரணம் இல்லை. கேள்வி! அதற்குப் பிறகு, குழந்தை எதற்காக அப்படிச் செய்திருக்கும் என்று நம் வாலு சொன்னதையே சொல்லியிருந்தது. யாரும் கைதட்டவில்லை. கணக்கு வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அவரும் டாக்டரம்மாவும் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

நான் திங்கட்கிழமை காலையில் தலைவர் முன்னால் போட வேண்டும். அதற்கு ஒரு சின்ன விழா வைத்திருக்கிறார்.

மே மாதத்தில் நான் எழுதியதை மறந்துவிடுங்கள். உங்கள் பெண்டாட்டிக்குக் கொஞ்சம் அவசரப் புத்தி. வாலுவின் கால் அளவை ஒரு காகிதத்தில் வரைந்து வைத்திருங்கள், வருகிற வழியில் ஷூ வாங்க வேண்டும். இல்லை, அனுப்ப நேரமிருக்காது, நான்தான் முதலில் வருவேன். வந்து நானே அவளைக் கடைக்குக் கூட்டிப்போகிறேன்.

அந்தப் பதிலைப் படிக்கப் படிக்க நீங்கள் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது. சந்தோஷம் தலைக்கேறிவிட்டது போல.

உங்களுடைய
டீச்சர்


ஆகஸ்ட் 31

நீங்கள் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதினேன் அல்லவா? ஏன் அப்படி இருந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது.

அந்தப் பதிலை இங்கே எடுத்து எழுதுகிறேன். "உள்ளே வைத்த பால் ஏன் கெடவில்லை என்று குழந்தை கேட்டிருக்கலாம். அதற்குள் போனால் நாள் தூங்கிவிடும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். அதனால் அம்மா கிளம்பும் நாளைத் தூங்க வைக்கக் கடிகாரத்தை உள்ளே வைத்திருக்கும்."

நாள் தூங்கிவிடும். வாலு ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, "அதுக்குள்ள போனா நாள் தூங்கிடும்டா கண்ணு" என்று சொன்னது நீங்கள். நான் அடுப்புப் பக்கத்தில் நின்று கேட்டேன். கேள்வித்தாளில் அந்த வார்த்தை இல்லை. இந்தக் கட்டடத்தில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. உங்களுக்கு எழுதிய கடிதத்தில்கூட எழுதவில்லை. உலகத்தில் அப்படிப் பேசுகிறவர் ஒருத்தர்தான்.

காலையில் காகிதத்தை வைத்துக்கொண்டு அந்த வரியைத் தடவித் தடவிப் பார்த்தேன். உங்கள் குரலைக் கேட்டு எவ்வளவு காலமாகிறது! கேட்ட சந்தோஷத்தை எந்திரத்துக்கு அறிவு வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். என்னை நானே கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும்.

நீங்களா?

காய்ச்சல் என்று சொல்லிக் கையெழுத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். உங்கள் பதில் வருகிறவரைக்கும் காய்ச்சல் இருக்கும்.


செப்டம்பர் 9

டீச்சருக்கு,

ஆமாம். நான்தான்.

உன் மே மாதக் கடிதம் வந்த அன்று மாலையே எழுதினேன். 'கடிகாரத்தை ஃப்ரிட்ஜில் வைத்த குழந்தை' என்று தலைப்புப் போட்டேன். முதலில் என்ன கேட்க வேண்டும், யாரைப் பற்றி விசாரிக்க வேண்டும் எல்லாம் வரும்படி எழுதினேன். ஓர் இடத்தில் எழுதினால் அதன் கண்ணில் படுமோ படாதோ என்று பல இடத்தில் எழுதினேன், வேறு வேறு மாதிரி எழுதினேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் பிட்டு கொடுத்ததில்லை. உன் எந்திரத்துக்கு நான் கொடுத்தேன். அது சமர்த்தாகக் காப்பி அடித்துவிட்டது.

வெட்கமாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. மாட்டிக்கொண்டோமே என்றுதான் இருக்கிறது. 'நாள் தூங்கிடும்' என்பதை மட்டும் விட்டிருக்கலாம். எழுதும்போது உன் முகம் முன்னால் வந்தது, அந்த வார்த்தையும் தானாக வந்துவிட்டது.

நீ இல்லாமல் என்னால் முடியவில்லை. இதைச் சொல்ல வாய் வராமல்தான் பிப்ரவரியில் போனில் கத்தினேன். காலையில் இரண்டு டம்ளர் டீ போட்டு ஒன்றைக் கழுவுதொட்டியில் ஊற்றுகிறேன். இன்னும் கை பழகவில்லை.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் வீட்டில் இருக்கிறவர்களை வரையச் சொன்னார்களாம். வாலு என்னை வரைந்தாள், அத்தையை வரைந்தாள். உன் முகம் வரைந்து பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். "அப்பா, அம்மா மூக்கு எப்படி இருக்கும்?" நான் போட்டோவை எடுத்துக் காட்டினேன். பார்த்துப் பார்த்து வரைந்தாள்.

போட்டுவிட்டு வா. ஒரே ஒரு கையெழுத்து. உலகத்தில் எத்தனையோ பேர் எதையெதையோ வந்துவிட்டது வந்துவிட்டது என்கிறார்கள், பிறகு இல்லை என்கிறார்கள், யாரும் தலையை எடுத்துவிடவில்லை. நாளைக்குப் பொய்யென்று தெரிந்தால் தெரியட்டும். தெரியும்போது நீ வீட்டில் இருப்பாய்.

காலில் விழச் சொல்கிறாயா, விழுகிறேன். வா.

உன்
மெக்கானிக்


செப்டம்பர் 20

என் மெக்கானிக் சாருக்கு,

உங்கள் கடிதத்தில் மூக்குப் பத்தியைப் படித்துவிட்டு மேலே படிக்கவில்லை. எழுந்து முகம் கழுவிக்கொண்டு நேராகத் தலைவர் அறைக்குப் போனேன். கையெழுத்துப் போடத்தான் போனேன். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு கையெழுத்துக்குக் கீழே என் இடம். பேனா மூடியைக் கழற்றினேன். டாக்டரம்மா பக்கத்தில் நின்று, "அறிவிச்ச மறுநாளே எங்க ஆஸ்பத்திரி குழந்தைங்க வார்டுல இதை வெக்கிறாங்க. ராத்திரிக்கு நர்ஸ் வேண்டாம்னுட்டாங்க. தெரியாததைக் கேட்குதே, இனிமே என்ன பயம்" என்று பூரித்துப்போய்ச் சொன்னார். நான் மூடியைப் போட்டுவிட்டேன். பேச வராத ஒரு பிள்ளை அழும். எந்திரம் ஏன் அழுகிறாய் என்று கேட்காது, பன்னிரண்டு காரணம் சொல்லும். கேட்கும் என்று சாட்சி சொன்னவள் நான் என்று எழுதியிருக்கும். அதை வைத்துக்கொண்டு நம் பெண்ணின் தலையை எப்படி வாரிவிடுவேன்?

"ஒரே ஒரு கேள்வி புதுசா கேட்டுட்டுப் போடறேன் சார்" என்றேன். அங்கேயே எழுதிக் கொடுத்தேன்: ஒரு வீட்டில் அம்மாவின் செருப்பு தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கிறது. ஏன்? பதில் வந்தது. சேறு கழுவ, தோல் மென்மையாக, பூச்சி சாக, யாரோ தவறி வீச. எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கீழே ஒரு கேள்விக்குறிகூட இல்லை. டாக்டரம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கி இரண்டு தரம் படித்தார். பிறகு, "அம்மா எங்கயாவது கிளம்புறாங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கேட்டவுடன் அவருக்கே முகம் மாறிவிட்டது. தன் கையெழுத்தைத் தானே அடித்துவிட்டார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் உங்களுக்கு எழுதியதை, நீங்கள் ஊருக்கு எழுதியதை. உங்களைக் காப்பாற்றவில்லை, என்னையும் காப்பாற்றிக்கொள்ளவில்லை. கேள்வியை வெளியே சொன்னவள் என்று என் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறார்கள். இனி எந்த ஊரிலும் யாரும் என்னிடம் வினாத்தாள் தர மாட்டார்கள். எனக்கு வேறு வேலை தெரியாது. அந்த வருத்தம் இருக்கிறது, பெரிதாகவே இருக்கிறது.

தாளை ரத்து செய்துவிட்டார்கள். ரத்தான தாளுக்குக் காவல் எதற்கு? கதவைத் திறந்துவிட்டார்கள். பூட்டிவிடுவார்கள் என்று நினைத்து நின்றவளுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. தலைவர் அப்போதும் விடவில்லை. அது வரவில்லை என்று உள்ளுக்குள் அவருக்கும் தெரியும், இப்படிக் கேள்வி கேட்க இனி யாரைத் தேடுவார்? "கோபத்துல உங்க பேரை எழுத வெச்சுட்டேன்மா. அடுத்த தாள்தான் கடைசி. வாசல்ல நிக்குது" என்றார்.

"நிக்கட்டும் சார்" என்றேன். "எனக்காக வேற வாசல்ல ரெண்டு பேர் நிக்கிறாங்க."

டாக்டரம்மா இருந்துகொள்கிறார். இல்லை என்று சொல்ல உள்ளே ஒருத்தராவது வேண்டும் என்கிறார். நான் இருந்திருக்க வேண்டிய இடம் அது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் அவரால் முடிகிறது என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்கிறேன். முழுக்கத் தேறவில்லை.

அது வரவில்லை. நான் வருகிறேன். இந்தக் கடிதமும் நானும் ஒரே நாளில் வந்து சேர்ந்தாலும் சேருவோம்.

ஆனால் ஒன்று. எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறக்காதீர்கள். என் வேலையை, என் வார்த்தையை, என்னை நம்பினவர்களை ஊர் முழுக்கக் கொட்டிவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு நான் கத்தப் போகிறேன். நீங்களும் பதிலுக்குக் கத்துங்கள், காகிதத்தில் இல்லாமல், என் எதிரே நின்று, முகம் சிவக்க. குறுக்கே நான் பேசுவேன், நீங்கள் பேசுவீர்கள், பிள்ளை நடுவில் வந்து காதைப் பொத்திக்கொள்வாள். எவ்வளவு காலமாயிற்று, நாம் நேரில் சண்டை போட்டு.

உங்கள்
டீச்சர்